குஞ்சுக் கூண்டில் வெப்பம் காத்தல்

நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து வெளிவரும்போது அதன் எடை ஏறத்தாழ 30 கிராம். அதன் உடலை மூடியிருப்பது இறகு அல்ல. ஈரத்தையும் காற்றையும் தாங்காத மென்தூவி. வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸை ஒட்டி நிலையாக இருக்கும். குஞ்சின் உடல் அதைவிட ஓரிரு டிகிரி குறைவாகவே தொடங்குகிறது. அந்த அளவைத் தானாகக் காத்துக்கொள்ளும் திறனும் முதல் பத்து, பன்னிரண்டு நாளுக்கு அதற்கு முழுமையாக வருவதில்லை. சுற்றுப்புறம் குளிர்ந்தால் உடல் குளிர்கிறது. சூடேறினால் உடல் சூடேறுகிறது. இந்த ஒரு வகையில் குஞ்சு வேலியோர ஓணானுக்கு ஒப்பானது. வெளியிலிருந்து கிடைக்கும் வெப்பத்தைக் கொண்டுதான் அது தீனி செரிக்கிறது, நடமாடுகிறது, வளர்கிறது.

அடைக்கோழி இந்த வெப்பத்தைச் செலவின்றித் தருகிறது. பத்து, பன்னிரண்டு குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்து, இரவில் பஞ்சாரத்துக்குள் படுத்துவிடும். குஞ்சு பொரிப்பகத்திலிருந்து ஐம்பதோ நூறோ வாங்கி வளர்க்கும்போது தாய் இல்லை. அங்கே தாயின் வேலையை ஒரு தடுப்பு வளையமும் சில விளக்குகளும் செய்ய வேண்டும். இதையே செயற்கை அடைகாப்பு என்றும் புரூடர் என்றும் சொல்கிறார்கள்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு வட்டாரங்கள் வெயிலுக்குப் பேர்போனவை. ஆகவே இங்கே குஞ்சுக்கு வெப்பம் தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக உண்டு. கணக்கு வேறு விதமாக இருக்கிறது. முதல் வாரக் குஞ்சுக்குத் தேவை 35 டிகிரி. மார்கழி, தை மாதங்களில் இந்தக் கரிசல் காட்டின் பின்னிரவு 20 முதல் 22 டிகிரிவரை இறங்கிவிடுகிறது. இடைவெளி 13 முதல் 15 டிகிரி. சித்திரை இரவில்கூட ஏழெட்டு டிகிரி குறைகிறது. இந்த இடைவெளியை நிரப்ப விளக்கைக் கூட்டிக்கொண்டே போவது ஒரு வழி. உண்டாக்கிய வெப்பம் வெளியேறாமல் நிறுத்துவது இன்னொரு வழி. இரண்டாவதே மலிவானது, குஞ்சுக்கும் பாதுகாப்பானது.

வெப்பம் வெளியேறும் நான்கு வழிகள்

முதல் வழி தரை. குஞ்சின் காலும் வயிறும் குளிர்ந்த தரையைத் தொடும்போது வெப்பம் நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. ஈர மண் உலர் மண்ணைவிடப் பல மடங்கு விரைவாக வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்.

இரண்டாம் வழி காற்று. விளக்கு சூடாக்கிய காற்று மேலே எழும்பி வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் குளிர்காற்று தரையோடு தரையாக உள்ளே வருகிறது. ஆள் நிற்கும் உயரத்தில் காற்றே இல்லாததுபோல் தோன்றும் கொட்டகையிலும் குஞ்சின் உயரத்தில் வீச்சு இருக்கும்.

மூன்றாம் வழி கூரை. சூடான எந்தப் பொருளும் குளிர்ந்த பரப்பை நோக்கி வெப்பக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கும். தை மாதத்து மேகமற்ற இரவில் தகரக் கூரை வானத்துக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. விடியற்காலையில் தகரத்தின் அடியில் நீர் முத்து கோர்த்து நிற்பது இதனால்தான். அந்தக் குளிர்ந்த தகரம் கீழே உள்ள குஞ்சுகளின் வெப்பத்தை இழுக்கிறது.

நான்காம் வழி ஈரம். பலரும் கணக்கில் கொள்ளாத இழப்பு இது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 675 வாட்-மணி வெப்பம் வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து ஒரு லிட்டர் நீர் கூளத்தில் ஊறினால், அதை உலர்த்துவதற்கு ஒரு 100 வாட் விளக்கின் ஆறு மணி நேரத்துக்கும் கூடுதலான வெப்பம் வீணாகிறது. ஈரக் கூளத்தின்மேல் எத்தனை விளக்கைத் தொங்கவிட்டாலும் குஞ்சு நடுங்குவதற்குக் காரணம் இதுதான்.

இந்த நான்கையும் இதே வரிசையில் அடைத்துக்கொண்டு வந்தால், விளக்கின் தேவை தானாகவே குறையும்.

இடமும் தரையும்

நூறு குஞ்சுகளுக்கு முழுக் கொட்டகையையும் சூடாக்க வேண்டியதில்லை. காற்று குறைந்த ஒரு மூலையைத் தேர்ந்து, பத்துக்குப் பத்து அடி அளவில் சாக்குத் திரையோ தார்ப்பாயோ கட்டிப் பிரித்துக்கொண்டால் போதும். சூடாக்க வேண்டிய காற்றின் அளவு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு விளக்கும் குறைகிறது.

கொட்டகை கிழக்கு மேற்காக நீளவாக்கில் அமைவது கோழி வளர்ப்பில் பொது விதி. கரிசல் பகுதிக்கு அது கூடுதலாகப் பொருந்துகிறது. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து கயத்தாற்றின் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று, அப்படி அமைந்த கொட்டகையின் குறுகிய மேற்குச் சுவரில்தான் மோதும். அந்தச் சுவரை இடைவெளியின்றிக் கட்டிவிட்டால் ஆண்டின் மிகப் பலமான காற்று தடைபடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைச்சாரல் வடகிழக்கிலிருந்து வருவதால், வடக்குப் பக்க நீள்சுவருக்கு ஏற்றி இறக்கும் படுதா வேண்டும். புரூடர் மூலைக்குத் தென்மேற்குப் பக்கம் ஏற்றது. மழைச்சாரல் அங்கே எட்டாது, மேற்குச் சுவரும் காற்றை மறைக்கும்.

கரிசல் மண்ணின் இயல்பைத் தரை போடும்போது மறக்கக் கூடாது. மழையில் உப்பிப் பருத்து, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண் இது. நேரடியாக அதன்மேல் போட்ட சிமெண்டுத் தளம் சில ஆண்டுகளில் விரிசல் விடும். விரிசலின் வழியே ஈரமும் ஏறும், தேளும் பாம்பும் வரும். சுற்றுத் தரையைவிட ஓரடி உயரத்துக்குச் செவல் சரள் கொட்டி, நீர் தெளித்து, இறுக்கித் தட்டிய பின்பே தளம் போட வேண்டும். சரளின் இடைவெளிகள் அடியிலிருந்து ஈரம் மேலேறுவதைத் தடுக்கின்றன. சிமெண்டுக்கு வசதியில்லாதபோது, தட்டிய செவல் தரையின்மேல் பழைய உரச்சாக்குகளைப் பிரித்து இரண்டடுக்காக விரித்து, அதன்மேல் கூளம் பரப்பலாம்.

கூளம்

கூளத்துக்கு இரண்டு வேலைகள்: குஞ்சுக்கும் தரைக்கும் நடுவே வெப்பம் கடக்காத படுக்கையாக இருப்பது, எச்சத்தின் ஈரத்தை உறிஞ்சுவது. முதலாவது வேலையைக் கூளத்துக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான் செய்கிறது. எனவே கூளம் பொலபொலவென்று இருக்க வேண்டும். இரண்டு அங்குலம் போதுமான கனம். மார்கழியில் மூன்று அங்குலமாக்கலாம்.

நெல் உமி சிறந்த கூளம். ஆனால் மானாவாரிக் கரிசலில் நெல் கிடையாது. தாமிரபரணிப் பாசனப் பகுதியின் அரிசி ஆலைகளிலிருந்து வரவழைக்க வேண்டும். உள்ளூரில் எளிதாகக் கிடைப்பது நிலக்கடலைத் தொலி. 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாயின் ஊர் கோவில்பட்டி. கடலை உடைக்கும் இடங்களில் தொலி குவிந்து கிடக்கும். அதை அப்படியே போட்டால் பெரிய துண்டுகளுக்கு நடுவே குஞ்சின் கால் சிக்கும். சாக்கில் கட்டி மிதித்தோ தடியால் அடித்தோ நொறுக்கிக்கொள்ள வேண்டும். மழையில் நனைந்து கறுத்த தொலியைத் தொடவே கூடாது. அதில் வளரும் பூஞ்சையின் தூள் குஞ்சின் நுரையீரலைத் தாக்கி, மூச்சுத் திணறலில் கொல்லும். இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்த தொலியே பயன்படுத்தத் தக்கது.

தச்சுப் பட்டறையின் மரச்சீவல் நல்லது. பொடியான மரத்தூளைக் குஞ்சு தீனி என்று நினைத்துத் தின்றுவிடும். கோவில்பட்டி தீப்பெட்டித் தொழில் நிறைந்த ஊர் என்பதால் கழிவுக் குச்சிகள் மலிவாகக் கிடைக்கலாம். மெழுகும் மருந்தும் ஏறிய அந்தக் குச்சிகள் சூடான விளக்கின் கீழ் இருக்கத் தகாதவை.

முதல் மூன்று நாள் கூளத்தின்மேல் சொரசொரப்பான தாளை விரிக்கலாம். குஞ்சு கூளத்தைக் கொத்தாமல் தீனியைக் கண்டுகொள்ள இது உதவும். வழுவழுப்பான செய்தித்தாள் வேண்டாம். கால் வழுக்கி அகன்று ஊனமாகிவிடும். நான்காம் நாள் தாளை எடுத்துவிட்டு, அன்றுமுதல் நாள்தோறும் ஒரு முறை கூளத்தைக் கிளறிவிட வேண்டும். ஈரம் கட்டிய பகுதியை அள்ளி வெளியே எறிந்து, அந்த இடத்தில் உலர்ந்த கூளம் போட வேண்டும்.

தண்ணீர்ப் பாத்திரத்தை விளக்கின் நேர்கீழே வைக்காமல் வளையத்தின் ஓரத்தில், ஒரு பலகைத் துண்டின்மேல் வைத்தால் சிந்தல் குறையும். நூறு குஞ்சுக்கு இரண்டு அல்லது மூன்று பாத்திரம் போதும். குளிர்கால விடியலில் வெதுவெதுப்பான நீர் கொடுப்பது நல்லது. குளிர்ந்த நீரைக் குடித்தால், வயிற்றுக்குள் போன நீரைச் சூடாக்கவும் குஞ்சின் உடல் வெப்பமே செலவாகும்.

தடுப்பு வளையம்

குஞ்சுகளை விளக்கின் அருகிலேயே நிறுத்துவதும், தரையோடு வரும் காற்றை மறிப்பதும் வளையத்தின் வேலை. அது வட்டமாகவே இருக்க வேண்டும். மூலை இருந்தால் குளிரும்போது குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் உள்ளவை மூச்சடைத்துச் சாகும்.

நூறு குஞ்சுக்கு முதல் மூன்று நாள் 4 அடி விட்டம் போதும். அதற்கு ஏறத்தாழ பன்னிரண்டரை அடி நீளத் தகடு வேண்டும். முதல் வார முடிவில் 5 அடி விட்டமாகவும், இரண்டாம் வாரத்தில் 6 அடியாகவும் அகட்ட வேண்டும். 6 அடிக்கு 19 அடி தகடு தேவை. எனவே தொடக்கத்திலேயே 20 அடி நீளமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தகரத் தகட்டை வாங்கி, மிச்சத்தை மேலோடு மேலாகச் சுருட்டிக் கட்டிவைத்தால் ஒரே தகடு எல்லா வாரங்களுக்கும் உதவும்.

பளபளப்பான தகரம் வெப்பக் கதிர்களை உள்ளேயே திருப்பி அனுப்புகிறது. ஆனால் தகரம் வெப்பத்தை எளிதில் கடத்தவும் செய்யும். அதனால் வெளிப்புறத்தில் பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து ஒரு சுற்றுக் கட்டுவது நன்மை தரும். தகரம் வாங்க இயலாதவர்கள் தடித்த அட்டையை மட்டுமே வளைத்து, உட்புறத்தில் அலுமினியத் தாளைக் குஞ்சு கொத்திப் பிய்க்காதபடி இறுக ஒட்டிக்கொள்ளலாம். வளையத்தின் அடிவிளிம்பைக் கூளத்துக்குள் ஓரங்குலம் புதைக்க வேண்டும். அந்த இடுக்கு திறந்திருந்தால் மற்ற எல்லா ஏற்பாட்டையும் அது கெடுத்துவிடும். ஊதுபத்தியைப் பற்றவைத்துக் கூளத்தை ஒட்டிப் பிடித்தால், புகை சாயும் திசை காற்று நுழையும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வளையத்துக்குள் ஒரே சீரான வெப்பம் இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. நடுவில் 35 டிகிரியும் ஓரத்தில் அதைவிட நாலைந்து டிகிரி குறைவாகவும் இருந்தால், குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். உயிரியல் பூங்காக்களில் ஊர்வனவற்றை வைக்கும் கண்ணாடிப் பெட்டிகளும் இதே விதியில்தான் அமைகின்றன: ஒரு முனையில் வெயில் காயும் இடம், மறுமுனையில் ஒதுங்கும் நிழல்.

வெப்ப மூலம்

குண்டு பல்பு உறிஞ்சும் மின்சாரத்தில் 100க்கு 5 பங்கு அளவே ஒளியாகிறது, மற்றதெல்லாம் வெப்பம். வீட்டு விளக்காக அது ஒதுக்கப்பட்டதற்கும், குஞ்சு வளர்ப்பில் நிலைத்திருப்பதற்கும் காரணம் ஒன்றே. எல்.இ.டி. விளக்கு கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும் குஞ்சுக்கு உதவாது.

குளிர்காலத்தில் முதல் வாரக் குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது புழக்கத்தில் உள்ள அளவு. கோடை இரவுக்கு 1 வாட் போதும். நூறு குஞ்சுக்கு 200 வாட் என்றால் ஒரே 200 வாட் விளக்கைவிட 60 வாட் விளக்குகள் மூன்றோ நான்கோ மேல். ஒன்று இரவில் அணைந்துபோனாலும் மற்றவை காப்பாற்றும். வெப்பமும் பரவலாக விழும். வாரம் ஏற ஏற ஒவ்வொன்றாக அணைத்துக் குறைக்கவும் வசதி.

விளக்கைக் கூளத்திலிருந்து ஒன்று முதல் ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட வேண்டும். 250 வாட் அகச்சிவப்பு விளக்கானால் ஒன்றரை அடிக்குக் கீழே இறக்கக் கூடாது. அதற்குப் பீங்கான் ஹோல்டர் கட்டாயம். எந்த விளக்கும் மின்கம்பியை மட்டும் நம்பித் தொங்கக் கூடாது; தனியே இரும்புச் சங்கிலியோ கட்டுக்கம்பியோ தாங்க வேண்டும். உலர்ந்த தொலியின்மேல் விழும் ஒரு பல்பு கொட்டகையையே எரித்துவிடும்.

விளக்கின் வெப்பத்தில் கணிசமான பங்கு மேலே கூரையை நோக்கிப் போகிறது. அகன்ற மூங்கில் கூடையைக் கவிழ்த்து, உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டி, அதற்குள் விளக்குகள் தொங்குமாறு அமைத்தால் அந்தப் பங்கும் கீழே திரும்பும். விளக்குக்கும் கூடைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும்.

குஞ்சுகள் வந்து இறங்கிய பிறகு விளக்கைப் போடுவது தவறு. காற்று சில நிமிடங்களில் சூடாகிவிடும். கூளமும் தரையும் சூடாகப் பல மணி நேரம் ஆகும். கோடையில் ஆறு மணி நேரம் முன்னதாகவும், மார்கழியில் முந்தின நாளே தொடங்கியும் விளக்கை எரியவிட வேண்டும். கூளத்துக்குள் விரலை நுழைத்தால் இளஞ்சூடு தெரிய வேண்டும்.

செலவைக் கணக்கிடுவது எளிது. 200 வாட் விளக்கு நாளுக்கு 16 மணி நேரம் எரிந்தால் 3.2 யூனிட், இரண்டு வாரத்துக்கு ஏறத்தாழ 45 யூனிட். வெப்பம் கசியாத கூண்டில் 100 வாட் போதுமானால் இதில் பாதி மிச்சம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கும் தமிழ்நாட்டில், சிறு குடும்பத்துக்கு இந்த மிச்சம் பெரிது.

மேல்மூடியும் காற்றோட்டமும்

வளையத்தின் மேற்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இரவில் சாக்கால் மூடலாம். சூடான காற்று அதன் கீழ் தங்கிநிற்கும். மீதி ஒரு பங்கு திறந்தே இருக்க வேண்டும். விளக்குகளை ஒட்டிய பகுதியில் சாக்கு வரக் கூடாது. குறைந்தது ஓரடி விலகியிருக்க வேண்டும்.

மூடுவதற்குப் பாலித்தீன் தாள் ஏற்றதன்று. காற்றை அது முழுவதும் மறித்துவிடும். குஞ்சுகளின் மூச்சு ஈரமும் கூளத்தின் ஈரமும் அதில் நீராகக் கோர்த்துச் சொட்டும். சொட்டிய நீர் மறுபடி கூளத்தை நனைக்கும். கோணிச் சாக்கு வெப்பத்தை நிறுத்திக்கொண்டு ஈரத்தை வெளியே விடுகிறது.

படுதாவைக் கீழிருந்து மேலாக ஏற்றிக் கட்டுவதே சரி. குஞ்சின் உயரத்தில் அடைப்பும், கூரைக்குக் கீழே ஒரு முழம் திறப்பும் அமையும். மேலிருந்து கீழே தொங்கவிட்ட படுதா இதற்கு நேர்மாறாக, வேண்டாத இடத்தில் காற்றை விட்டு, வேண்டிய இடத்தில் அடைத்துவிடுகிறது. காலையில் கொட்டகைக்குள் நுழையும்போது கண் எரிந்தால், எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா தேங்கியிருக்கிறது என்று பொருள். வெப்பம் போய்விடும் என்று தயங்காமல் மேல்திறப்பை அகலமாக்க வேண்டும். ஈரக் கூளத்தையும் அகற்ற வேண்டும்.

தகரக் கூரையின் குளிர் இழுப்பைத் தடுக்க, புரூடர் மூலைக்கு மேலே மட்டும் ஆள் உயரத்தில் சாக்கால் ஓர் உட்கூரை கட்டினால் போதும். பனையோலை கிடைக்கும் ஊர்களில் தகரத்தின்மேல் ஓலை வேய்வது இன்னும் நல்லது. இரவில் வெப்பத்தை நிறுத்தும் அதே ஓலை பகலில் வெயிலையும் மறிக்கும்.

வெப்பமானியும் குஞ்சும்

வெப்பமானியைச் சுவரில் மாட்டுவதால் பயனில்லை. கூளத்திலிருந்து இரண்டு அங்குல உயரத்தில், விளக்கின் நேர்கீழே அல்லாமல் ஒளிவட்டத்தின் ஓரத்தில், அதன் குமிழ் இருக்க வேண்டும். அங்கே காட்ட வேண்டிய அளவு:

முதல் வாரம்: 35 டிகிரி செல்சியஸ் (95 பாரன்ஹீட்)
இரண்டாம் வாரம்: 32 டிகிரி (90)
மூன்றாம் வாரம்: 29 டிகிரி (85)
நான்காம் வாரம்: 27 டிகிரி (80)

வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே அளவைச் சொல்லிவிடும். வளையமெங்கும் பரவி, சில தின்று, சில குடித்து, சில படுத்து, மெல்லிய குரலில் கத்திக்கொண்டிருந்தால் வெப்பம் சரி. விளக்கின் கீழ் குவிந்து கீச்சென்று ஓயாமல் கத்தினால் குளிர். ஓரத்தில் ஒதுங்கி, வாய் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையைத் தளர்த்தி நின்றால் சூடு மிகுதி. ஒரே பக்கத்தில் எல்லாம் நெருங்கி நின்றால், எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது. விளக்கைக் கூட்டும் முன் அந்த இடுக்கைத் தேடி அடைக்க வேண்டும். பார்க்க வேண்டிய முக்கிய நேரங்கள் இரண்டு: இரவு படுக்கப் போகும்முன் ஒரு முறை, விடியலுக்குச் சற்று முன் ஒரு முறை.

குளிர் தாக்கிய குஞ்சு உடனே சாவதில்லை. தீனி எடுப்பது குறையும். வயிற்றில் உள்ள மஞ்சள் கரு எஞ்சிய பை கரையாமல் தங்கும். ஆசனவாயில் எச்சம் ஒட்டும். மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாக விழும். நோய் என்று எண்ணி மருந்து கொடுக்கப்படும் பல இறப்புகள் உண்மையில் முதல் இரண்டு இரவின் குளிரால் நேர்பவை. ஏழாம் நாள் ராணிக்கெட் நோய்க்கான சொட்டு மருந்து போடும்போதும் இதே கவனம் தேவை. குஞ்சுகளை வெளியே எடுத்துவந்து கூடையில் காத்திருக்க வைக்காமல், வெயில் ஏறிய பிறகு புரூடரின் அருகிலேயே உட்கார்ந்து போட்டு, அப்படியே உள்ளே விட வேண்டும்.

பருவத்துக்கு ஏற்ற மாற்றங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் பகை குளிரைவிட ஈரம். கரிசலின் ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த மாதங்களில்தான் பெய்கிறது. கூளத்தை இருமடங்கு இருப்பு வைத்துக்கொள்வதும், நாளுக்கு இரண்டு முறை கிளறுவதும், கொட்டகையைச் சுற்றி வாய்க்கால் வெட்டி நீர் தேங்காமல் வடியவிடுவதும் இந்தப் பருவத்தின் வெப்பக் காப்பு.

மார்கழி முதல் மாசி வரை வானம் தெளிவாக இருக்கும், பனி இறங்கும். உட்கூரை, சாக்கு மூடி, மூன்று அங்குலக் கூளம் எல்லாம் வேண்டும் காலம் இது. பகல் 30 டிகிரி இருப்பதால் நடுப்பகலில் இரண்டு விளக்கை அணைத்துவிடலாம்.

பங்குனி முதல் வைகாசி வரை பகலில் ஆபத்து தலைகீழாகிறது. தகரக் கொட்டகைக்குள் 40 டிகிரியைத் தாண்டினால் குஞ்சு வெப்பத்தாலேயே சாகும். பகலில் விளக்கு எரியக் கூடாது. படுதாவை முழுவதும் இறக்கிவிட வேண்டும். காற்று வரும் திறந்த பக்கத்தில், கூளத்தைத் தொடாத தொலைவில், ஈரச் சாக்கைத் தொங்கவிட்டால் உள்ளே வரும் காற்று குளிரும். கூளத்தில் இருந்தால் தீங்கு செய்யும் அதே ஆவியாதல், வறண்ட காற்றுள்ள இந்த மாதங்களில் இப்படி நன்மை செய்கிறது. மாலை மங்கியதும் சாக்கை எடுத்துவிட்டு, முதல் வாரக் குஞ்சுக்கு ஒன்றிரண்டு 60 வாட் விளக்கைப் போட வேண்டும்.

ஆனி, ஆடியில் வெப்பநிலை போதுமானதாகத் தோன்றினாலும் காற்று அதைத் துடைத்துக்கொண்டு போகும். மேற்குச் சுவரின் ஓட்டைகளைக் களிமண்ணால் பூசுவது, வளையத்தை இரண்டடி உயரமாக்குவது, இரண்டும் போதும்.

மின்தடைக்கு மாற்று

முதல் வாரத்தில் ஒரு மணி நேர இருள் குஞ்சுகளை ஒன்றன்மேல் ஒன்று குவியவைத்துக் கொல்லும். பகலில் நாளுக்கு ஐந்து நிமிடம் விளக்கை அணைத்துப் பழக்கினால், தடை வரும்போது மிரட்சி குறையும்.

உடனடி மாற்று சுடுநீர். ஒரு லிட்டர் நீர் 60 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஆறும்போது ஏறத்தாழ 29 வாட்-மணி வெப்பத்தை விடுகிறது. நான்கு லிட்டர் நீர் ஒரு 100 வாட் விளக்குக்கு ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேலாக ஈடு. நான்கு ஒரு லிட்டர் பாத்திரங்களில் ஊற்றி, இறுக மூடி, துணி சுற்றி வளையத்துக்குள் பரவலாக வைத்து, மேலே முழுவதும் சாக்கால் போர்த்தி ஓரத்தில் ஒரு சாண் திறப்பு விட வேண்டும். குஞ்சுகள் பாத்திரத்தை ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

நெடுநேரத் தடைக்குக் கரி உதவும். சீமைக்கருவேலங் கரி விளாத்திகுளம், கோவில்பட்டிப் பகுதியில் மூட்டம் போட்டு எடுக்கப்படும் உள்ளூர்ப் பொருள். கனன்று நெடுநேரம் நிற்கும். அகன்ற மண்பானையில் பாதிக்குச் சாம்பல் நிரப்பி, வெளியிலேயே கரியைப் பற்றவைத்து, புகை முழுவதும் அடங்கிக் கங்கானபின் அதில் போட்டு, மேலே மெல்லிய சாம்பல் தூவ வேண்டும். சாம்பல் கங்கின் எரிவை மட்டுப்படுத்திப் பல மணி நேரத்துக்கு நீட்டிக்கிறது. பானையைச் செங்கல்மேல் ஏற்றி, குஞ்சு அண்டாதபடி கம்பிவலையால் சுற்றிவைக்க வேண்டும். கங்கிலிருந்து நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வருகிறது. ஆகவே கரி வைத்த இடத்தின் மேல்திறப்பை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. அந்த அறையில் மனிதர் படுத்து உறங்கவும் கூடாது.

வெப்பத்தைக் குறைத்து நிறுத்துதல்

இரண்டாம் வார முடிவில் இறக்கைப் பகுதியில் உண்மையான இறகு முளைத்துவிடும். அதன் பிறகு குஞ்சின் உடலே வெப்பம் உண்டாக்கிக் காக்கத் தொடங்குகிறது. இப்போதும் விளக்கை முழு அளவில் எரியவிட்டால் இறகு வளர்ச்சி தாமதமாகும். நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தும் பழக்கமும் தொடங்கும்.

வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி என்ற அளவில் இறக்க வேண்டும். விளக்கை நாளுக்கு ஓரங்குலம் உயர்த்துவதும், விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவதும் ஒரே பயன் தரும். வளையத்தைக் கோடையில் பத்தாம் நாளிலும், மார்கழியில் இரண்டாம் வாரம் முடிந்தும் எடுத்துவிடலாம். எடுத்த அன்றிரவு கொட்டகையின் மூலைகளில் அட்டையைச் சாய்த்து வட்டமாக்கிவிட வேண்டும். முதலில் பகல் விளக்கு, பிறகு முன்னிரவு விளக்கு, கடைசியாகப் பின்னிரவு விளக்கு என்ற வரிசையில் நிறுத்துவது நல்லது. நாளின் மிகக் குளிர்ந்த நேரம் விடியலுக்கு முந்திய இரண்டு மணி நேரம்.

கோடையில் இரண்டு வாரம், ஆடிக் காற்றில் மூன்று வாரம், மார்கழியில் நான்கு வாரம் என்பது கரிசல் பகுதியில் வெப்பம் தர வேண்டிய பொதுவான கால அளவு. மூன்று இரவு தொடர்ந்து விளக்கில்லாமலும் குஞ்சுகள் குவியாமல் பரவிப் படுத்திருந்தால் அடைகாப்பு முடிந்தது. அப்போது விளக்குகளைத் துடைத்து, தகட்டைக் கழுவிக் காயவைத்து, பழைய கூளம் முழுவதையும் எருக்குழியில் கொட்டிவிட வேண்டும். அடுத்த தொகுதிக்குப் புதிய கூளத்தோடுதான் தொடங்க வேண்டும்.